பச்சை மரத்தவளைக்கு வாங்கும் கிரிக்கெட் பூச்சி நாலைந்து நாளில் செத்துப்போகிறது. எப்படி உயிரோடு வைப்பது?

ஈசூன்_மரத்தவளை:

வணக்கம். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் ஓர் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை வளர்க்கிறேன். வளர்ந்த தவளை, 8 செ.மீ. இருக்கும். தவளைக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு இரையாக வாங்கிவரும் கிரிக்கெட் பூச்சிதான் தாக்குப்பிடிப்பதில்லை.

இப்போது வைத்திருக்கும் விதம்: பறவைக் கடையில் பெரிய கிரிக்கெட் 200 வாங்குகிறேன், இறக்கை முளைத்து ராத்திரி முழுக்கக் கத்தும் அளவு. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஆணியைச் சூடாக்கிப் போட்ட முப்பது துளைகள். அடியில் 3 செ.மீ. உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். அது காயாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பேன். முட்டை அட்டை இரண்டு, படுக்க வைத்திருக்கிறேன். குடிக்க நனைத்த ஸ்பாஞ்ச். தீனி காரட்டும் லெட்டூஸும். டப்பா இருப்பது சமையலறை ஓரத்தில். வெயில் படாது, ஆனால் பகலில் 31 டிகிரி வரை போகும்.

மூன்றாம் நாள் நாற்றம் தொடங்கும். நாலாம் நாள் பாதிப் பூச்சி செத்துக் கிடக்கும். மிச்சமும் அடுத்த ஒன்றிரண்டு நாளில் போய்விடும். எங்கே பிசகு? இன்னொன்று, கால்சியம் பவுடர் தூவிப் போட்டாலும் தவளை பிடிக்கும்போது பூச்சி மேல் பவுடரே இருப்பதில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

முட்டைஅட்டை:

உங்கள் டப்பாவில் இருப்பது ஈரம், காற்றின்மை, வயதான பூச்சி. மூன்றும் சேர்ந்துதான் கொல்கின்றன. முதலில் ஈரத்தைப் பார்ப்போம்.

கிரிக்கெட் தன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றும். எச்சம் காய்ந்திருக்கும்வரை அது தூளாகச் சும்மா கிடக்கும், நாற்றமும் வராது. ஈரம் பட்டதும் பாக்டீரியா அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும். மூன்றாம் நாள் நீங்கள் முகர்வது அதைத்தான். உங்கள் மூக்குக்கு எட்டுமுன்பே, எச்சத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு அது எட்டிவிடும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடலின் இரு பக்கத்திலும் உள்ள துளைகள் வழியாகக் காற்று நேராக உள்ளே போகிறது. அம்மோனியாவும் அப்படியே போகும். முதலில் சாவது பலவீனமானவை. அவை அழுகி இன்னும் ஈரம், இன்னும் அம்மோனியா. பாதி செத்தபின் மீதி வேகமாகப் போவது இதனால்தான்.

நார்த்தூளை முழுக்க எடுத்துவிடுங்கள். கிரிக்கெட் டப்பாவுக்கு அடிப்படுக்கையே வேண்டாம். வெறும் பிளாஸ்டிக் தரையில் எச்சம் உலர்ந்து கிடந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு நிமிடத்தில் கூட்டி எடுக்கலாம். செத்ததும் கண்ணில் படும். நார்த்தூள் முட்டையிடும் கிண்ணத்துக்கு மட்டும்தான் தேவை.

அடுத்து காற்று. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதமே 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆணித்துளை முப்பது போட்டாலும் மொத்தத் திறப்பு ஒரு தீப்பெட்டி அளவுகூடத் தேறாது. மூடியில் மட்டும் துளை இருந்தால் அடியில் உள்ள காற்று நகரவே நகராது. டப்பாவின் எதிரெதிர்ப் பக்கங்களில், தரையிலிருந்து சற்று மேலே, 15 க்கு 10 செ.மீ. ஜன்னல் ஒவ்வொன்று வெட்டுங்கள். மூடியில் 20 க்கு 30 செ.மீ. ஒரு திறப்பு. மூன்றையும் ஸ்டீல் கம்பி வலையால் அடைத்து, ஓரத்தை க்ளூ கன்னால் ஒட்டுங்கள். நைலான் கொசுவலையும் ஃபைபர் வலையும் உதவாது, ஓரிரு ராத்திரியில் கடித்து ஓட்டை போட்டுவிடும். வலைக்கண் 1 மி.மீ. அளவில் இருந்தால் பெரிய பூச்சிக்கும் நடுத்தரப் பூச்சிக்கும் போதும்.

முட்டை அட்டையைப் படுக்க வைத்தால் ஒவ்வொரு குழியிலும் எச்சம் தேங்கும். செங்குத்தாக, புத்தகம் அடுக்குவதுபோல் நிறுத்துங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும். பூச்சி இருபுறமும் தொற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். 40 லிட்டர் டப்பாவில் ஆறு அட்டை நிறுத்தினால் 200 பூச்சி நெருக்கடியில்லாமல் இருக்கும். உங்கள் 20 லிட்டரில் இரண்டே அட்டை என்றால் அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறித்தான் கிடந்திருக்கும். நெருக்கம் கூடினால் ஒன்றையொன்று கடிக்கும். தோலுரித்துக்கொண்டிருக்கும் வெள்ளைப் பூச்சிதான் முதலில் பலியாகும்.

இனி வயது. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கத்துகிற பூச்சி என்றால் அது முழு வளர்ச்சியடைந்த ஆண். கிரிக்கெட்டுக்கு இறக்கை முளைப்பது கடைசித் தோலுரிப்பில்தான். அதன்பின் 30 டிகிரிச் சூட்டில் அதற்குச் சில வாரங்களே ஆயுள். கடையில் எத்தனை நாள் இருந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆக, நீங்கள் வாங்குவது ஆயுள் முடியப்போகும் பூச்சி. அடுத்த தடவை நடுத்தரப் பூச்சியாகக் கேளுங்கள். முதுகில் முழு இறக்கை இருக்கக்கூடாது, மொட்டுப்போல் சிறு மடிப்பு மட்டும் தெரியவேண்டும். வளர்ந்து, கத்தி, ஓயும்வரை ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். வீட்டில் சத்தமும் குறையும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 8 செ.மீ. உள்ள வளர்ந்த பச்சை மரத்தவளைக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஐந்தாறு பூச்சி போதும். வாரத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்தாலும் 200 பூச்சி நாலு மாதத் தீனி. நாலு மாதம் எந்தக் கிரிக்கெட்டும் இருக்காது. எவ்வளவு நன்றாக வைத்தாலும் முக்கால்வாசி வீணாகத்தான் போகும். 50 வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் 20 லிட்டர் டப்பாவே, ஜன்னல் வெட்டினால், தாராளமாகப் போதும்.

குட்டைவாசி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஸ்பாஞ்சை மட்டும் விட்டுவிட்டார். அதுதான் அந்த டப்பாவிலேயே அழுக்கான பொருள். எச்சமும் தீனித்துணுக்கும் அதில் ஊறும். ஒருநாள் கழித்து அதைப் பிழிந்தால் வருகிற தண்ணீரைத்தான் பூச்சி குடிக்கிறது. திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து மூழ்கிச் சாகும்.

செடிக்கடையில் கிடைக்கும் தண்ணீர் உறிஞ்சும் படிகம் நல்லது, ஆனால் உரம் கலக்காததாக இருக்கவேண்டும். 7 கிராம் படிகத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மணிநேரம் ஊறவிட்டால் ஜெல்லி ஆகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டில் மூடி அளவு எடுத்து வைத்து, இரண்டு நாளுக்கு ஒருதரம் மாற்றுங்கள். படிகம் கிடைக்காவிட்டால் அகர் அகர்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், சர்க்கரை போடாமல் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அகர் மறுநாளே கெட்டுப்போகும், அன்றாடம் மாற்றவேண்டும்.

காரட் மட்டுமே போதும், அதில் இருக்கும் ஈரமே தண்ணீர் என்பார்கள். உலர் தீனி சரியாக இருந்தால் போதும்தான். ஆனால் சமையலறை ஓரத்தில் 31 டிகிரியில் அரை நாளில் காரட் சுருங்கிவிடும். ராத்திரிக்குத் தண்ணீர் இருக்காது. தாகமெடுத்த கிரிக்கெட் பக்கத்துப் பூச்சியைத்தான் கடிக்கும்.

லெட்டூஸை நிறுத்திவிடுங்கள். அது வெறும் தண்ணீர், மறுநாள் சகதி.

முட்டைஅட்டை:

குட்டைவாசி, ஜெல்லியைச் சொன்னதற்கு நன்றி. அதில் எனக்கு முழு உடன்பாடு. தீனியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு தீனி வைத்துக்கொள்ளவேண்டும். ஒன்று பூச்சி உயிரோடு இருப்பதற்கு, இன்னொன்று தவளைக்குப் போகுமுன் பூச்சியின் வயிற்றை நிரப்புவதற்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெடும்.

அன்றாடத் தீனிக்குக் கோதுமைத் தவிடு அல்லது பொடித்த ஓட்ஸ் நாலு பங்கு, கோழிக்குஞ்சுத் தீவனம் நாலு பங்கு, மீன் தீனிச் செதில் ஒரு பங்கு, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் ஒரு பங்கு. தீவனத்தில் மருந்து கலந்திருக்கக்கூடாது, பையில் பார்த்து வாங்குங்கள். மிக்ஸியில் பொடித்துக் காற்றுப்புகாத பாத்திரத்தில் வையுங்கள். டப்பாவில் ஒரு தட்டையான மூடியில் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில் வைக்கவேண்டும். ஈரம் பட்ட மாவில் ஒரே வாரத்தில் மைட் என்ற மிகச்சிறு உண்ணி வந்துவிடும். மாவு தானாக நகர்வதுபோல் தெரிந்தால் அது மைட்தான். அந்த மாவை எறிந்துவிட்டு டப்பாவைக் காயவிடுங்கள். புரதம் குறைந்தால் கிரிக்கெட் ஒன்றையொன்று தின்னும். தவிடு மட்டும் போடுகிறவர்கள் வீட்டில் கால் இல்லாத பூச்சியாக நடமாடுவது இதனால்தான்.

வயிறு நிரப்பும் தீனி வேறு. கிரிக்கெட்டின் உடம்பில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் ஏழெட்டு மடங்கு இருக்கும். தவளைக்கு வேண்டியது நேர்மாறு, கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ ஒன்றரை, இரண்டு மடங்காகவோ இருக்கவேண்டும். வெறும் கிரிக்கெட்டே தின்று வளரும் தவளைக்குத் தாடை மென்மையாகும், முதுகு வளையும், கால்விரல் துடிக்கும். உலர் தீனியில் 8 சதவீதம் கால்சியம் இருந்தால்தான் பூச்சி வயிற்றில் போதிய அளவு சேரும். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். ஆகவே 80 கிராம் அன்றாடத் தீனிக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்தால் கணக்கு நேராகும். பவுடர் மைபோல் நுண்ணியதாக இருக்கவேண்டும். கரகரப்பாக இருந்தால் பூச்சி ஒதுக்கிவிடும்.

தவளைக்குக் கொடுக்கப்போகும் பூச்சியை மட்டும் சிறு டப்பாவில் பிரித்து, இந்தத் தீனியும் ஜெல்லியும் வைத்து 48 மணிநேரம் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கால்சியம் மிகுந்த தீனியே நிரந்தரமானால் பூச்சி நலிந்து சாகும். ஒரே டப்பாவில் எல்லாவற்றுக்கும் இதையே போடுகிறவர்கள் பூச்சி ஏன் சாகிறது என்று வேறெங்கோ தேடுவார்கள்.

கூடவே கீரை. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கிடைக்கும். இரண்டிலும் கால்சியம் நிறைய. கிரிக்கெட் விரும்பித் தின்னும். பசலை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எந்தக் கீரையானாலும் காலையில் வைத்ததை மாலையில் எடுத்துவிடுங்கள்.

பவுடர் ஒட்டாதது பற்றிக் கேட்டீர்கள். ஒட்டத்தான் செய்கிறது, பூச்சி அதைத் துடைத்துவிடுகிறது. மீசையையும் காலையும் வாயால் இழுத்துச் சுத்தம் செய்வது அதன் இயல்பு, ஒன்றிரண்டு மணிநேரத்தில் பெரும்பகுதி உதிர்ந்துபோகும். சாயங்காலம் விளக்கை அணைத்து, தவளை கண் திறந்து நகரத் தொடங்கியபின் தூவுங்கள். ஒரு டம்ளரில் ஆறு பூச்சி, ஒரு சிட்டிகை பவுடர், இரண்டு சுற்று. உடனே தவளைக்கு முன் போட்டுவிடவேண்டும். பூச்சி துள்ளி ஓடினால் ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள், மந்தமாகும். பெரிய கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பது இன்னும் மேல். பூச்சி செடிக்குள் ஒளிந்து பவுடரை உதறிக்கொண்டிருக்க இடமிருக்காது.

ஈசூன்_மரத்தவளை:

அண்ணா, மிக்க நன்றி. ஜன்னல் வெட்டி, கம்பி வலை ஒட்டி, நார்த்தூளை எடுத்து, நடுத்தரப் பூச்சி 50 வாங்கி வைத்தேன். நாற்றம் சுத்தமாக இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றுகூடச் சாகவில்லை.

நேற்று ராத்திரி மட்டும் முப்பதுக்கு மேல் ஒரே அடியாகப் போய்விட்டன. காலையில் மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தன. தீனி மாற்றவில்லை, ஈரமும் இல்லை. டப்பாவைச் சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு மாற்றியது ஒன்றுதான் புதிது. அங்கே கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். இது ஏதாவது நோயா? மிச்சமிருப்பதைத் தவளைக்குப் போடலாமா?

குட்டைவாசி:

போடாதீர்கள். முதலில் சொல்லுங்கள், படுக்கையறையில் கொசு லிக்விட் எரிகிறதா?

ஈசூன்_மரத்தவளை:

ஆமாம், ராத்திரி முழுக்க. ஜன்னலும் சாத்தியிருக்கும்.

குட்டைவாசி:

அதுதான் காரணம். கொசு லிக்விட், மேட், சுருள் பெரும்பாலானவற்றில் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. கொசுவுக்கு எப்படியோ அப்படித்தான் கிரிக்கெட்டுக்கும்: நரம்பைத் தாக்கும், துடிக்கவைக்கும், மல்லாத்தும். சில மணிநேரத்தில் மொத்தக் கூட்டமும் ஒன்றாக விழுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு மருந்துதான். தவளையின் தோல் எதையும் உறிஞ்சும், அதற்கும் இந்த மருந்து ஆகாது. தவளைத்தொட்டி அந்த அறையில் இருந்தால் இன்றைக்கே லிக்விட்டைப் பிடுங்கிவிட்டு, படுக்கைக்குத் துணிவலை கட்டுங்கள். மருந்து பட்ட பூச்சி ஒன்றைக்கூடத் தவளைக்குக் கொடுக்கவேண்டாம். முட்டை அட்டையையும் எறிந்துவிடுங்கள், அட்டை மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதே மருந்தும் இதுபோன்ற மற்ற மருந்துகளும் வேறு வழிகளிலும் வரும். டெங்கிக்காகப் பேட்டையில் புகையடிக்கும் நாளில் ஜன்னலை முன்கூட்டியே சாத்தி, டப்பாவை உள்ளறைக்கு மாற்றுங்கள். புகை முழுக்கக் கலைந்தபின் திறந்தால் போதும். எறும்புச் சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே, நாய் பூனைக்குக் கழுத்தில் விடும் உண்ணி மருந்து, கையில் பூசும் கொசுக் களிம்பு இவற்றைத் தொட்ட கையால் டப்பாவைத் தொடாதீர்கள். காரட்டைத் தோல் சீவிப் போடுங்கள். அடுக்குமாடிக்குக் கீழே புல்தரையில் பிடிக்கும் வெட்டுக்கிளியையும் தவளைக்குக் கொடுக்கவேண்டாம். அங்கே எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்பது தெரியாது.

காரணம் உறுதியாகத் தெரியவேண்டுமென்றால், மருந்து படாத ஐந்து பூச்சியை வேறு அறையில் புது டப்பாவில், அதே தீனி, அதே ஜெல்லியோடு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அவை பிழைத்தால் குற்றம் தீனியில் இல்லை, காற்றில்தான்.

முட்டைஅட்டை:

நோயையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் யாருக்காவது பயன்படும். வீட்டுக் கிரிக்கெட் இனத்துக்கென்றே ஒரு டென்சோவைரஸ் உண்டு. ஐரோப்பாவில் 1970களிலேயே தெரிந்தது. 2009, 2010 வாக்கில் வட அமெரிக்காவில் பல கிரிக்கெட் பண்ணைகளை அழித்தது. அதன் அடையாளம் வேறு. ஒரே ராத்திரியில் விழாது. பெரியதாகி வரும் குஞ்சுகள் நாள்கணக்கில் மந்தமாகி, சரியாகத் தின்னாமல், மல்லாந்து காலை மெதுவாக ஆட்டியபடி கிடந்து சாகும். வளர்ந்தவை தப்பினாலும் அடுத்த தலைமுறை தேறாது. மனிதருக்கோ தவளைக்கோ அது தொற்றுவதில்லை. வந்துவிட்டால் கூட்டத்தை முழுக்க அழித்து, அட்டையை எறிந்து, டப்பாவை ஒன்றுக்குப் பத்து ப்ளீச் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இனத்தை மாற்றவேண்டும். பட்டை போட்ட கிரிக்கெட் அந்த வைரஸைத் தாங்கும் என்பதால் இப்போது பல பண்ணைகள் அதற்கு மாறிவிட்டன. உடல் சற்றுச் சிறியது, வெளிர் நிறத்தில் குறுக்கே இரண்டு கருப்புப் பட்டை. வெப்பமான ஊர்களில் தானாகவே வளரும் இனம். ஆனால் ஓட்டம் அதிகம், மூடியைத் திறக்கும்போது கவனம் வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் விற்கும் பெரிய கருப்புக் கிரிக்கெட்டுக்குத் தாடை பலமானது, சின்னத் தவளைக்கு அதைத் தவிருங்கள்.

பூச்சியின் நீளம் தவளையின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது. எந்த இனமானாலும் இதுதான் அளவுகோல்.

தூறல்_டொராண்டோ:

குளிர் நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும். அம்மோனியா வராது, பூச்சி தாகத்தில் சாகும். ஜெல்லியைத் தினமும் மாற்றவேண்டும். டூபியா கரப்பான் வைத்துக்கொள்ளலாமே என்று அமெரிக்க வீடியோ பார்த்துக் கேட்பார்கள். கனடாவில் அதற்கு அனுமதியில்லை.

அம்புநச்சுத் தவளை போன்ற சின்னத் தவளைக்குக் கிரிக்கெட் பெரிது, பழ ஈதான் வேண்டும். பறக்காத வகையாக வாங்குங்கள். ஒரு லிட்டர் கப்புக்கு: உருளைக்கிழங்குச் செதில் மாவு நாலு பங்கு, ப்ரூவர்ஸ் ஈஸ்ட் ஒரு பங்கு, பொடித்த சர்க்கரை ஒரு பங்கு கலந்து, அந்தக் கலவையில் அரை கப் எடுங்கள். தண்ணீர் நாலு பங்கு, வினிகர் ஒரு பங்கு சேர்த்துச் சூடாக்கி, மாவு அளவுக்குச் சமமாக ஊற்றிக் கிளறுங்கள். கப்பைச் சாய்த்தால் ஓடக்கூடாது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும். ஆறியபின் மேலே சில துகள் பேக்கரி ஈஸ்ட், ஈ ஏறி நிற்க மரச்சீவல், பிறகு ஐம்பது ஈ. சின்ன இனம் இரண்டு வாரத்துக்குள் புது ஈ கொடுக்கும். பெரிய இனத்துக்கு மூன்று வாரத்துக்கு மேலாகும். வாரத்துக்கு இரண்டு கப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தால்தான் தொடர்ச்சி அறுந்துபோகாது. ஒரு மாதமான கப்பை எறிந்துவிடுங்கள், அதில் மைட் சேரும், அது புதுக் கப்புக்கும் தாவும்.

22 முதல் 25 டிகிரிதான் இதற்கு இதம். சிங்கப்பூர், சென்னைச் சூட்டில் வைத்தால் 30ஐ நெருங்கும்போது ஆண் ஈக்கள் மலடாகிவிடும். முட்டை இருக்கும், பொரியாது. குட்டை இறக்கை வகையைச் சூட்டில் வளர்த்தால் அதன் இறக்கை நீண்டும் விடும். ஏசி ஓடும் அறையில் வைக்கமுடியாதவர்கள் இதில் இறங்கவேண்டாம்.

ஈசூன்_மரத்தவளை:

தூறல் அக்கா, நன்றி. எனக்கு இப்போதைக்கு ஈ தேவைப்படாது. ஆனால் கடைக்கு அடிக்கடி போகாமல் கிரிக்கெட்டையே வீட்டில் பெருக்க முடியுமா? வேறு இரை ஏதாவது சேர்த்துக்கொள்ளலாமா?

முட்டைஅட்டை:

உங்கள் ஊர்ச் சூடு பெருக்குவதற்கு ஏற்றது, தனியாக ஹீட்டர் தேவையில்லை. அரை லிட்டர் கிண்ணத்தில் 5 செ.மீ. ஆழத்துக்கு ஈர நார்த்தூள் நிரப்புங்கள். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். மேலே 3 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையை அழுத்தி வையுங்கள். பெண் பூச்சியின் பின்னால் ஊசிபோல் நீட்டியிருக்கும் உறுப்பு அந்தக் கண் வழியாக உள்ளே இறங்கி முட்டையிடும். வலை இல்லாவிட்டால் தோண்டி முட்டையைத் தின்றுவிடும். இருபது பெண், பத்து ஆண் உள்ள டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்து எடுத்து, தனி டப்பாவுக்கு மாற்றி மூடிவையுங்கள். 30 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். நார்த்தூளின் மேல்பரப்பு ஒருநாள் காய்ந்தாலும் முட்டை வற்றிவிடும். நீர் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். லேசாகத் தெளித்தால் போதும்.

குஞ்சு 2 மி.மீ. தான் இருக்கும். 1 மி.மீ. வலை அதற்குப் பெரிது; மெல்லிய துணிபோல் இருக்கும் நுண்ணிய ஸ்டீல் வலை வேண்டும். ஒரு துளித் தண்ணீரில்கூட ஒட்டிச் சாகும் என்பதால் முதல் இரண்டு வாரம் ஜெல்லியை நசுக்கி, மேலே டிஷ்யூ விரித்து வையுங்கள். ஆறேழு வாரத்தில் தவளைக்கு ஏற்ற அளவு வரும். ஒரு கிண்ணத்திலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு வந்துவிடும். ஒரே ஒரு தவளைக்காக இதைச் செய்தால் மிஞ்சுவதை என்ன செய்வது என்று தெரியாது. உங்களுக்கு மாதம் 50 வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. மூன்று நாலு தவளை உள்ளவர்களுக்குத்தான் பெருக்குவது கட்டுப்படியாகும்.

வேளச்சேரி_மண்புழு:

வேறு இரை என்றால் மண்புழு. வளர்ந்த மரத்தவளையும் இடுக்கியில் ஆட்டிக் காட்டினால் எடுக்கும், தரைத்தவளைகள் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் மண்புழு உரப் பண்ணைகளில் இரண்டு வகை அதிகம். ஆப்பிரிக்கப் புழு நீளமாக, மினுமினுப்பாக, ஊதா கலந்த பழுப்பில் இருக்கும். அதைத் தவளை நன்றாகத் தின்னும். செம்புழு பட்டை பட்டையாக, சிறியதாக இருக்கும். தொட்டால் மஞ்சள் நீர் விடும், கசப்பு. அதை வாயில் எடுத்த தவளை துப்பிவிடும், பிறகு வேறு புழுவையும் சந்தேகப்படும்.

ஆப்பிரிக்கப் புழுவுக்கு 25 முதல் 30 டிகிரி சரி. ஃப்ரிட்ஜில் வைத்தால் செத்துவிடும். ஈர நார்த்தூளில், மூடியில் துளை போட்ட வாளியில், வாரம் ஒரு பிடி காய்கறித் தோல் போட்டால் போதும். எலுமிச்சை, வெங்காயம், உப்புப் பட்டது கூடாது. சாணத்தில் வளர்ந்த புழுவை அப்படியே கொடுக்காதீர்கள். இரண்டு நாள் ஈரக் காகிதத்தில் வைத்தால் வயிற்றிலுள்ளது கழிந்துவிடும். கழுவி, 3 செ.மீ. துண்டாக்கிக் கொடுங்கள்.

சூப்பர்வார்ம் என்னும் வண்டுப் புழுவும் சிங்கப்பூர்க் கடையில் கிடைக்கும். கொழுப்பு மிகுதி. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒன்றோ இரண்டோ கொடுக்கலாம். அதைத் தவிட்டில், அறைச் சூட்டில், காரட் துண்டோடு வையுங்கள். அதைப்போன்ற சிறிய வண்டுப் புழுவான மீல்வார்மை ஃப்ரிட்ஜில் உறங்கவைக்கலாம், சூப்பர்வார்மை வைத்தால் கருத்துச் செத்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கருப்புப் படை ஈயின் புழுவில் இயற்கையாகவே கால்சியம் நிறைய, பவுடரே வேண்டாம் என்று விற்பார்கள். ஆனால் தோல் கெட்டி. தவளை மெல்லாது, முழுங்கும். முழுப் புழு செரிக்காமல் வெளியே வரும். ஊசியால் இரண்டு இடத்தில் குத்திக் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் கால்சியம் தவளைக்குச் சேரும்.

குட்டைவாசி:

இன்னும் இரண்டு விஷயம், யாரும் தொடவில்லை.

கிரிக்கெட்டின் உடம்பில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. காரட் போட்டு வளர்த்தால் வந்துவிடும் என்று நம்பவேண்டாம். காரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். பல தவளைகள் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றுவதில் மோசம். குறைந்தால் நாக்கின் மேல்தோல் தடித்து ஒட்டும் தன்மை போய்விடும். தவளை பூச்சியைப் பார்த்துப் பாயும், நாக்கு படும், ஆனால் பூச்சி வராது. பலரும் அதைக் கண் கோளாறு என்று நினைக்கிறார்கள். வாங்கும் வைட்டமின் பவுடரின் லேபிளில் ரெட்டினால் அல்லது ரெட்டினைல் அசிடேட் என்று இருக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருதரம், கால்சியம் போடாத வேளையில் தூவுங்கள். அடிக்கடி போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி, கால்சியம் உடம்பில் சேர உதவும் வைட்டமின் டி3யின் வேலையைக் கெடுக்கும். திறந்த டப்பாவில் வைட்டமின் ஆறு மாதத்துக்குமேல் நிற்காது. திறந்த தேதியை மூடியில் எழுதி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

போட்ட பூச்சியில் தவளை தின்னாமல் விட்டதைக் கால்மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் அசையாமல் இருக்கும் தவளையின் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். அந்தப் புண்ணில் பாக்டீரியா ஏறும். முழுக்கப் பிடிக்க முடியவில்லையென்றால் தொட்டியின் தரையில் ஒரு காரட் வில்லை வைத்துவிடுங்கள், தவளையை விட்டுவிட்டு அதற்குப் போகும். காலையில் வில்லையோடு சேர்த்து எடுத்துவிடலாம். தவளையின் கண்ணுக்கு மேலே உள்ள மடிப்பு தொங்கிக் கண்ணை மறைக்கத் தொடங்கினால் தீனி அதிகம் என்று அர்த்தம். அப்போது வாரம் இரண்டு தடவையை ஒன்றாக்குங்கள்.

ஈசூன்_மரத்தவளை:

லிக்விட்டை எடுத்துவிட்டேன். துணிவலை கட்டியாயிற்று. ஐந்து பூச்சிச் சோதனையில் ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. நாளைக்குப் புதிய அட்டையோடு நடுத்தரப் பூச்சி 50 வாங்குகிறேன். கடைக்காரர் பையில் போட்டுத் தரும்போது எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

முட்டைஅட்டை:

பையின் அடியைப் பாருங்கள். ஈரம் கசிந்திருந்தாலோ, செத்தது பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தாலோ வேண்டாம். கடைத் தொட்டியின் மேல் கையை நீட்டினால் பூச்சி சிதறி ஓடவேண்டும். அட்டையை அசைத்தும் நகராமல் கிடந்தால் அந்தத் தொகுதியில் ஏதோ கோளாறு. பின்கால் இரண்டும் இருக்கிறதா, வயிறு உப்பாமலும் நீலச்சாயல் இல்லாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். நீலச்சாயல் இன்னொரு வைரஸின் அறிகுறி. பையைக் கட்டி வெயிலில் கொண்டுவரவேண்டாம், ஒரு முட்டை அட்டைத் துண்டு போட்ட துளை டப்பாவைக் கையில் எடுத்துப்போய் அதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய கூட்டத்தோடு சேர்க்காமல் நாலைந்து நாள் தனியாக வையுங்கள். முதல் ஒரு மணிநேரம் ஜெல்லி மட்டும் கொடுத்து, அதன்பின் தீனி வையுங்கள். தாகத்தோடு வந்த பூச்சிக்கு முதலில் தேவை தண்ணீர்தான்.